அடிவயிறு என்னும் புறம்போக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், மொட்டைமாடியில் காயவைத்திருந்த மோர்மிளகாயை அள்ளிக்கொண்டு நான் கீழே இறங்கி வந்த சமயம், எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவளும், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்ப்பவளும், ஒரு காலத்தில் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் படித்தவளுமாகிய ஒரு பெண், திண்ணையில் வந்து உட்கார்ந்து, பேச வந்த விஷயத்தைப் பேசாமல் மழை வருமா வராதா என்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு, தெருவில் யாரும் இல்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு, தலையைக் குனிந்தவாறே சொன்னாள்:

“டீச்சர், ஒங்களுக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. ரெண்டு வருசமா அடிவயித்து வலி. மாசத்துல பத்து நாளு நிமிர முடியல. மூணு எடத்துல பாத்தாச்சு. ஒண்ணுமில்லேங்கிறாக.”

ஒரு பெயரைச் சொல்லி, பேருந்து எண்ணையும் சொல்லி அவளை அனுப்பி வைத்திருக்கலாம். ஆனால் என்னைக் குணப்படுத்திய மருத்துவர் பணி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இங்கேயே இருந்தாலும், எனக்கு வாய்த்தவர் அவளுக்கும் வாய்ப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆகவே அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் உட்காரவைத்து, பதினொரு ஆண்டுக் காலம் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே சற்று விஸ்தாரமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என் உபாதை 1999-இல், இரண்டாவது பிள்ளை பிறந்த மறு வருஷம் ஆரம்பமாயிற்று. முதலில் அது மாதவிலக்கு நாட்களில் மட்டும் வந்தது. பிறகு அதற்கு முன்னும் பின்னும் பரவிற்று. பின்னர் நாள் கிழமை பாராமல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதும், பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போதும், ஓட்டுநர் தனக்கன்குளத்தருகே பள்ளத்தில் இறக்கிய ஒவ்வொரு குலுங்கலிலும் வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலியை ‘நாட்பட்ட இடுப்புக்குழி வலி’ என்று ஒரு தனி வகையாகவே மருத்துவ நூல்கள் வைத்திருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மருத்துவர் முன் உட்கார்ந்ததும் என் வாயிலிருந்து வந்த சொற்கள் இரண்டே இரண்டு: வயிற்று வலி.

இவ்விடத்தில் நான் சற்றே நின்றுதான் ஆகவேண்டும்; ஏனென்றால் இது என் தொழில் சம்பந்தப்பட்டது. வலிக்கு நம் மொழியில் பஞ்சமா இருக்கிறது? குத்தல், குடைச்சல், கடுப்பு, காந்தல், இசிவு, உளைச்சல், பிடிப்பு, இழுவை, சுருக்கென்று தைத்தல் என்று நம் பாட்டிமார் புழங்கிய சொற்களை அடுக்கினால் ஒரு நிகண்டே ஆகும். அவற்றுள் ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வோர் இடத்தைச் சுட்டுவது. சிறுநீர் கழித்து முடிக்கும் தறுவாயில் வருவது கடுப்பு. நெருப்புப் பட்டாற்போல் ஒரே கோட்டில் ஓடுவது காந்தல், அது நரம்பைச் சந்தேகிக்கச் சொல்கிறது. தசை தன்னிச்சையாக முறுக்கிக்கொள்வது இசிவு. நாள் முழுவதும் அடியில் கனத்துக் கிடப்பது உளைச்சல். இத்தனையும் அறிந்த தமிழாசிரியையாகிய நான், சங்கோசம் ஒன்றின் காரணமாக, தலை முதல் முழங்கால் வரை எதற்கும் பொருந்தக்கூடிய ‘வயிற்று வலி’யைச் சொன்னேன், அவர்களும் வாயுவுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பிழை முழுவதும் அவர்களுடையது என்று நான் எப்படிச் சொல்வது?

ஆனால் பாதிப் பிழையாவது அவர்களுடையதுதான். ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்து, படத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே உடம்பிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் சிறுநீரைச் சோதித்து, கிருமி இல்லாதபோதும் கிருமிக்குரிய மருந்தை மூன்று தடவை கொடுத்தார்கள். குடல் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குடல் சுத்தம் என்று சான்று கொடுத்தார். எலும்பு மருத்துவர் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து, நாற்காலியை மாற்றச் சொன்னார். இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. தத்தம் எல்லைக்குள் அவரவர் சொன்னது சரியே. என் வலி அந்த எல்லைகளுக்குள் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

என் தகப்பனார் கிராமத்து நிலக்கணக்கு எழுதும் கர்ணமாக இருந்தவர். 1980-இல் அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது வேலை போயிற்று, அடங்கலும் புலப்படமும் மனத்திலிருந்து போகவில்லை. பட்டா நிலத்துக்கு உடையவன் உண்டு. கோயில் நிலத்துக்குக் கோயில் உண்டு. எவன் பெயரிலும் இல்லாததைப் புறம்போக்கு என்று எழுதுவார்கள் என்று எனக்குச் சிறு வயதிலேயே சொல்லியிருக்கிறார். பெண்ணின் அடிவயிற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புலப்படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு சாண் இடத்துக்குள் கர்ப்பப்பை ஒரு துறைக்குப் பட்டா, மூத்திரப்பை இன்னொன்றுக்கு, மலக்குடல் மற்றொன்றுக்கு, இடுப்பெலும்பு வேறொன்றுக்கு. இவை எல்லாவற்றையும் கீழிருந்து தொட்டில்போல் தாங்கிக்கொண்டிருக்கும் தசைகளும், அவற்றினூடே ஓடும் நரம்புகளும் யாருடைய பட்டாவிலும் இல்லை. எங்கள் ஊர்ச் சுங்கச்சாவடி நகராட்சி எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது, அதை அகற்றுங்கள் என்று திருமங்கலத்து மக்கள் எத்தனை காலமாகப் போராடி வருகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, எல்லைத் தகராறில் நடுவே நிற்பவன் பாடு என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆறாவதாகப் பார்த்தவர் தகராறையே தீர்த்துவிட முனைந்தார். “ரெண்டு கொழந்தை இருக்குல்ல? கர்ப்பப்பைய எடுத்துரலாம்மா, இருந்து என்ன பண்ணப்போகுது?” என்று, பழைய பரணைக் காலி செய்யச் சொல்லுகிறவரைப் போலச் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. என் மாமியாரும் அதுவே நல்லது என்ற அபிப்பிராயத்தில் இருந்தார். அவர் தங்கைக்கு அப்படித்தான் எடுத்தார்களாம். தேதிகூடக் குறித்தாயிற்று. அந்த வாரம் பள்ளியில் அரைப் பரீட்சை வந்ததால் தள்ளிப்போட்டேன். பரீட்சை என்னைக் காப்பாற்றிய ஒரே சந்தர்ப்பம் அது.

இது என் ஒருத்தியின் கதை என்று எண்ணிவிடவேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு மூவர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள். ஆந்திரத்தில் நூற்றுக்கு ஒன்பது பேர் வரை. மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வெளிவந்து நாடு முழுவதும் பேசப்பட்டது. மாதவிலக்கினால் வேலை கெடக்கூடாது, கூலி பிடிக்கப்படக்கூடாது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட நேர்ந்தது. எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கர்ப்பப்பையின் சுவருக்குள்ளேயே நோய் இருந்து, வேறு மருந்து எதற்கும் அடங்காதபோது அது நிவாரணமாகவும் அமையும். ஆனால் நோய் கர்ப்பப்பைக்கு வெளியில் இருந்தால், பையை எடுத்த பிறகும் வலி மிஞ்சக்கூடும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, ஐம்பது வயதில் வரவேண்டிய மாதவிலக்கு நிறுத்தம் மறுநாளே வந்து, எலும்பும் இருதயமும் முன்கூட்டியே தளர ஏதுவாகும். என்ன நோய் என்று நிர்ணயம் செய்யாமலே அறுவையைச் சொல்பவரிடம், “நிர்ணயம் என்ன டாக்டர்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து வருவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

“லேடி டாக்டராப் பாத்தாச் சரியாயிருமா டீச்சர்?” என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி; நூற்றைம்பது வருஷத்துக் கேள்வி. ஆண் மருத்துவர் முன் செல்ல மறுத்துப் பெண்கள் மடிந்த நாட்டில், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-இல் திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கென்றே சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து, தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு ஒரு ஸ்திரீயை அனுப்பக் கேட்டு, வைத்தியராகிய தகப்பனார் வருவதாகச் சொன்னதை ஏற்காமல் திரும்பிப்போக, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி வந்து வேலூரில் தொடங்கிய ஸ்தாபனத்தை அறியாத தமிழர் இல்லை. கூச்சம் உயிரைக் குடிக்கும் என்பதால் பெண் மருத்துவர் வேண்டும் என்றார்கள். அந்தக் காரணம் இன்றும் செல்லுபடியாகும். ஆயினும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று எனக்குச் சொன்னவர் ஓர் அம்மையார்தான் என்பதையும், என்னை முதன்முதலாகப் பொறுமையாய்க் கேட்டவர் ஓர் ஆண் என்பதையும் நான் மறைப்பது நேர்மையாகாது. உனக்கு எவரிடம் வாய் திறக்குமோ அவரிடம் போ என்றேன்.

என்னைப் பொறுமையாய்க் கேட்ட அந்த எட்டாவது மருத்துவரைப் பற்றிச் சொல்கிறேன். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியில், எங்கள் அப்பத்தா காலம் வரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே வழங்கிய அந்த அரசு ராஜாஜி மருத்துவமனையில், என் சித்தி மகள் நர்சாக இருந்தாள். அவள் சொன்னதன் பேரில், அங்கே பல்லாண்டு வேலை பார்த்துவிட்டு மாலையில் சொந்தமாக நோயாளிகளைப் பார்த்து வந்தவரிடம் சென்றேன். நான் கொண்டுபோயிருந்த கனத்த ஃபைலை அவர் திறக்கவே இல்லை, மேஜை ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, “இதை அப்பறம் பாக்கலாம், நீங்க சொல்லுங்க” என்றார். எப்போது வரும், எதனால் கூடும், மலம் கழிக்கும்போது உண்டா, மூத்திரம் நிறைந்தால் உண்டா, உட்கார்ந்தால் கூடுமா நின்றால் குறையுமா, கணவனோடு சேரும்போது உண்டா என்று, அதையும் மற்றவற்றைப் போலவே சாதாரணமாக, கேட்டுக்கொண்டே போனார். பத்து ஆண்டுகளில் அந்தக் கடைசிக் கேள்வியை எவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பிறகு நர்சம்மாவை அழைத்துப் பக்கத்தில் நிற்கச் செய்து, அனுமதி கேட்டு, படுக்கவைத்து, ஒற்றை விரலால் வயிற்றை அங்குலம் அங்குலமாக அழுத்தினார். வலித்த இடத்தில் விரலை எடுக்காமலே, “தலைய மட்டும் தூக்குங்க” என்றார். குடும்பக் கட்டுப்பாடு செய்த பழைய தழும்பின் அருகே, தலையைத் தூக்கியதும் வலி கூடிற்று. அதற்குக் கீழே மற்றோரிடத்தில் குறைந்தது. தூக்கும்போது வயிற்றுத் தசை இறுகிக் கவசம்போல் ஆவதால், கூடினால் வலி சுவரைச் சேர்ந்தது, குறைந்தால் உள்ளே இருக்கும் உறுப்பைச் சேர்ந்தது என்று விளக்கினார். கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-இல் எழுதி வைத்த சோதனை இது. செலவு ஒரு காசு இல்லை, நேரம் அரை நிமிஷம். அதுவரை என் பின்னால் பல ஆயிரங்களை விழுங்கிய இயந்திரங்கள் சொல்லாததை ஒரு விரல் சொல்லிற்று. உட்பரிசோதனையிலும், “வலிச்சா சொல்லுங்க, நிறுத்திருவேன்” என்று சொன்னபடி, நான் சொன்ன கணத்தில் நிறுத்தினார். இரு பக்கத்துத் தசைகளும் கயிறுபோல் முறுக்கேறிக் கிடப்பதாகச் சொன்னார். ஆக என் வயிற்றில் ஒரு வலி இல்லை. மூன்று வலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அடங்கலில் எழுதுமுன் வரப்பில் இறங்கி நடக்கிற கர்ணத்தை அன்றுதான் மருத்துவ உலகில் பார்த்தேன்.

லேப்ராஸ்கோப்பியில், கர்ப்பப்பைக்குப் பின்புறம் கருஞ்சீரகம் தூவினாற்போல் புள்ளிகள் இருந்தன. கர்ப்பப்பையின் உட்புறத்தை ஒத்த திசு, இருக்கக்கூடாத இடத்தில் குடியேறி, சுற்றுப்புறத்தை அழற்சியாக்கி ஒட்டவைக்கிற இந்த நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். சினைப்பையில் அது கட்டியானால் உள்ளே பழைய இரத்தம் பழுப்பாகத் தேங்குவதால் அதைச் சாக்லேட் கட்டி என்பார்கள்; ஜான் சாம்சன் என்ற அமெரிக்கர் 1921-இலேயே இதை விவரித்திருக்கிறார். பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. கட்டியாகத் திரளாமல் புள்ளியாக மட்டும் இருந்தால் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தென்படாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லால் நோய் இல்லையென்று ஆகிவிடாது. இப்போதெல்லாம், எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் லேப்ராஸ்கோப்பி வேண்டியதில்லை, அறிகுறியைக் கொண்டே ஹார்மோன் மருந்தை ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி நூல் 2022-இல் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இது தெம்பாக இருந்தது.

எனக்குப் புள்ளிகளைச் சுட்டுப் போக்கினார்கள். ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். தழும்பருகே மரத்துப்போக ஊசி போட்டார்கள். முறுக்கேறிய தசைக்குத்தான் நாளாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று இடுப்புத்தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை நான் வருஷக்கணக்கில் செய்து வந்திருந்தேன்; பிசியோதெரபி அம்மா அதைக் கேட்டு, “ஐயையோ, ஏற்கெனவே இறுகிக் கெடக்குறத இன்னும் இறுக்குறீகளே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு, மூச்சை அடிவயிறு வரை இறக்கித் தசையைத் தளரவிடக் கற்றுக்கொடுத்தார். முழு நிவாரணம் என்று சொல்லமாட்டேன். மாதத்தில் பத்து நாள் வந்தது ஒரு நாளாயிற்று. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வர முடிந்தது.

எல்லா அடிவயிற்று வலியும் என் வலி ஆகிவிடாது. நம் நாட்டில் கருக்குழாய்களைத் தாக்கும் காசநோயும் ஒரு காரணம். இருமலே இல்லாமல் வரும். எங்கள் ஊருக்கு அருகில் ஆஸ்டின்பட்டியில் காசநோயாளிகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தும், காசம் என்றால் நெஞ்சுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கு அரசே இலவசமாக மருந்து தருகிறது. ஆண்களுக்கும் இவ்வலி உண்டு. லாரி ஓட்டும் என் தம்பி, உட்கார முடியாத வலிக்கு இரண்டு வருஷம் புராஸ்டேட் கிருமி என்று மருந்து தின்றான். கிருமியே காணாத அத்தகைய வலிக்கும் பெரும்பாலும் அதே தசைப்பிடிப்பு ஒரு காரணம் என்று என்னைப் பார்த்தவரே சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெண் புறப்படும்போது, முந்தானை முடிச்சிலிருந்து உறையில்லாத நான்கு மாத்திரைகளை எடுத்துக் காட்டினாள். “வலின்னா கம்பெனியில சூப்பர்வைசர் அக்கா குடுக்கும் டீச்சர்.” என்ன மாத்திரை என்று அவளுக்கும் தெரியாது, கொடுத்த அக்காவுக்கும் தெரியாது. 2019-இல் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ நூறு பெண்களைச் சந்தித்து, மாதவிலக்கு வலிக்குப் பெயர் எழுதாத மாத்திரைகளை மருத்துவர் இல்லாமலே கொடுத்து வேலை வாங்குவதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம், எங்கள் திண்ணையிலேயே அதைப் பார்த்தபோது வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அந்த மாத்திரைகளைத் தாளில் மடித்து, டாக்டரிடம் காட்டு என்று கொடுத்தேன்.

கூடவே பழைய நாற்பது பக்க நோட்டொன்றையும் கொடுத்தேன். தேதி, வலியின் பெயர், இடம், அன்று என்ன செய்தாய் என்று நான்கு கட்டம்; முதற் பக்கத்தில் வயிற்றின் படம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. திடீரென்று தாங்கமுடியாத வலி, காய்ச்சல், மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு இவற்றில் எது வந்தாலும், நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலி வந்தாலும், நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடு என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். பெரியாஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே போனாளாம்.

“சின்னப் பொண்ணுதான் டீச்சர், படிக்கிற டாக்டராட்டம் இருந்துச்சு. நோட்ட வாங்கி முழுசாப் படிச்சுச்சு. ‘காந்தல்’னா என்னான்னு கேட்டுச்சு, சொன்னேன். தலையத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பாத்துச்சு. தனக்கு இன்னும் புடிபடல, பெரிய டாக்டரயும் வச்சுப் பாக்கணும், செவ்வாக்கெழமை வாங்கன்னுச்சு.”

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட். மாற்றிக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்றாள். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.